என் விரலால் வைத்த சேனை

"கொழந்தைக்கு இன்னா குடுத்தீங்க?"

பச்சைக் குழந்தைகள் வார்டு வாசலில் நின்று நர்ஸ் கேட்டார். சத்தமாகத்தான் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

நந்தினி பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்று ஐந்தாம் நாள். ஒரு பக்கம் அவள் மாமியார் கன்னியம்மா. இன்னொரு பக்கம் நான். குழந்தை உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. வயிறு உப்பி, புறங்கையில் ஊசி ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டி.

"தாய்ப்பால் மட்டும் குடுத்திருந்தா வயித்தால இப்படிப் போவாது. வேற என்னமோ குடுத்திருக்கீங்க. யாரு குடுத்தது?"

கன்னியம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். நந்தினி என்னைப் பார்த்தாள்.

நான் தரையைப் பார்த்தேன். வெள்ளை டைல்ஸ். ஒன்றில் மூலை உடைந்திருந்தது. அதையே பார்த்தேன்.

"நான்தான் சிஸ்டர்," என்றாள் நந்தினி. "சர்க்கரைத் தண்ணி. தெரியாம குடுத்துட்டேன்."

நர்ஸ் திட்டினார். படித்த பெண்தானே என்றார். கர்ப்பிணிகள் வகுப்புக்குப் போனாயா என்றார். போனேன் என்றாள். போயுமா இப்படி என்றார்.

அந்த வகுப்பில் பொம்மையைத் தூக்கிக் காட்டுகிறவள் நான். அந்தக் குழந்தை நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணியை வைத்தவளும் நான்.

சில வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் செய்த தப்பைத்தான் நிறைய எழுதினேன். போன வாரம் சத்துமாவை மாட்டுக்கு வைத்தவர்களைப் பற்றி எழுதினேன். சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் என் முறை.

ஒற்றைக் காலுறை

நான் அங்கன்வாடி உதவியாளர். ஊரில் ஆயா என்பார்கள். அடி அண்ணாமலைப் பக்கம் எங்கள் மையம். கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே. நான் அஞ்சாவது வரை படித்தேன். பெருக்குவது, சமைப்பது, பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுவது என் வேலை.

மாதம் ஒரு நாள் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு. சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வருவார். டீச்சர் நோட்டில் பேர் எழுதுவார். தலைச்சன் பிள்ளைக்காரிகளை முன்னால் உட்கார வைப்போம். அவர்களுக்காகத்தான் முக்கியமாக அந்த வகுப்பு.

பால் கொடுப்பதைக் காட்ட ஒரு பொம்மை வேண்டும் என்றார் நர்சம்மா. பழைய பாவாடைத் துணியில் தைத்தேன். உள்ளே கிழிசல் அடைத்தேன். கனம் வேண்டும் என்றார். வயிற்றில் ஒரு பை அரிசி வைத்துத் தைத்தேன். தாயின் மார்புக்குத் தனியாக ஒரு பள்ளிக்கூடத்துக் காலுறை. பஞ்சு அடைத்து, நுனியில் காபிக்கலர் துணியை வட்டமாக வைத்து, நடுவில் ஒரு முடிச்சு.

முதல் நாள் அதை வெளியே எடுத்ததும் எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னா ஆயாம்மா, ஒண்ணுதான் இருக்குது? இன்னொண்ணு எங்க?"

"இன்னொரு சாக்ஸ் காணாம பூடுச்சு," என்றேன்.

நர்சம்மா வாயால் சொல்வார். நான் கையால் காட்டுவேன். காம்பை மட்டும் சப்பக் கூடாது. சுற்றி இருக்கும் கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். பிள்ளையின் தாடை மார்பில் பட வேண்டும். பிள்ளையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும், குனிந்து முதுகை ஒடித்துக்கொள்ளக் கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் வைக்க வேண்டும். முதலில் மஞ்சளாக, கெட்டியாக வரும். அது சீம்பால். கொஞ்சமாகத்தான் வரும். பயப்படக் கூடாது. பிறந்த பிள்ளையின் வயிறு சுண்டைக்காய் அளவு. அதற்கு அது போதும். ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டாம்.

ஒரு தடவை சீம்பால் என்றதும் ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள். அது கெட்ட பாலாம். பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும் என்று வீட்டில் சொன்னார்களாம். நர்சம்மா எவ்வளவோ விளக்கினார். அவள் நம்பவில்லை.

நான் கேட்டேன். "உங்க வூட்ல மாடு கன்னு போட்டா சீம்பால இன்னா பண்ணுவீங்க?"

"வெல்லம் போட்டு அவிப்போம்."

"யாருக்குக் குடுப்பீங்க?"

"தெருவுக்கே குடுப்போம்."

"மாட்டோடத தெருவுக்கே குடுக்கறீங்க. உன்னோடத உன் புள்ளைக்குக் குடுக்க மாட்டியா?"

நர்சம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அதிலிருந்து அந்தக் கேள்வி என்னுடையது என்று ஆகிவிட்டது. "ஆயாம்மா, மாட்டுக் கேள்வியக் கேளு," என்பார். மாதா மாதம் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

என் பேர்

என் பேர் உண்ணாமலை. எங்கள் ஊர் அம்மன் பேர். உண்ணாமுலை அம்மன். பிள்ளை வாய் படாத மார்பு என்று அர்த்தம் சொல்வார்கள். எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு உண்ணாமலை இருப்பார்கள். எல்லாரும் மூன்று நாலு பெற்றவர்கள். எனக்குத்தான் இல்லை.

பத்து வருஷம் புருஷனோடு வாழ்ந்தேன். பிள்ளை இல்லை. அவர் வேறு கட்டிக்கொண்டார். நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான் அந்தக் கதை.

வகுப்பில் ஒரு வாயாடி கேட்டாள். "பெத்ததும் இல்ல, குடுத்ததும் இல்ல. நீ எப்பிடி ஆயாம்மா எங்களுக்குச் சொல்ற?"

நர்சம்மா அதட்டினார். நான் "விடுங்க" என்றேன். அவளிடம், "பஸ் ஓட்றவனுக்கு பஸ்ஸா சொந்தம்?" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள்.

வளைகாப்பு நடக்கும். அரசாங்கம் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சேர்த்து நடத்துவது. நான்தான் தட்டு அடுக்குவேன். சந்தனம் கரைப்பேன். வளையல் கட்டைப் பிரித்து, சைஸ் பார்த்து வைப்பேன். வளையல் போட என்னைக் கூப்பிட மாட்டார்கள். நானும் போக மாட்டேன். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் வாசலோடு விசாரித்துவிட்டு வருவேன். யாரும் உள்ளே வராதே என்று சொன்னதில்லை. சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை.

இதைச் சாக்காக எழுதவில்லை. பின்னால் நடந்தது புரிய இது வேண்டும்.

நந்தினி கேட்டது

நந்தினி கீழ்பென்னாத்தூர்ப் பெண். டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அங்கேயே வேலை பார்த்த ஏழுமலையை விரும்பிக் கட்டிக்கொண்டாள். சாதி வேறு. தாய் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். தலைப் பிரசவத்துக்குப் போக அவளுக்கு வீடு இல்லை.

நாலாம் மாதத்திலிருந்து வகுப்புக்கு வந்தாள். ஒரு மாதமும் விடவில்லை. பிளஸ் டூ படித்தவள். நோட்டு கொண்டு வந்து எழுதுவாள். சுண்டல் தட்டு வந்ததும் மற்றவர்கள் பேச்சில் இறங்கிவிடுவார்கள். இவள் பொம்மையை வாங்கி மார்பில் வைத்துப் பார்ப்பாள். "இப்டியாக்கா? இல்ல இப்டியா?" எல்லாருக்கும் நான் ஆயாம்மா. அவள் மட்டும் அக்கா என்பாள்.

மாமியார் கன்னியம்மா கெட்டவள் இல்லை. கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கிறாள். வாய் ஜாஸ்தி. சாதி பார்க்காமல் மருமகளை வீட்டில் ஏற்றிக்கொண்டவள் அவள்தான். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம். பேரப்பிள்ளைக்குச் சேனை வைத்தே ஆக வேண்டும்.

சேனை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணியில் விரலை நனைத்து நாக்கில் வைப்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். பிள்ளை முரண்டு பிடித்தால், "எவ வெச்ச சேனையோ" என்று திட்டுவதும் உண்டு.

வகுப்பில் நர்சம்மா இதைக் கூடவே கூடாது என்பார். தண்ணியில் என்ன இருக்குமோ, விரலில் என்ன இருக்குமோ. பச்சை உடம்பு தாங்காது. ஒரு தடவை விரலில் வைத்தால், அடுத்து ஸ்பூன் வரும், அப்புறம் பாட்டில் வரும் என்பார்.

ஒன்பதாம் மாத வகுப்பு முடிந்தது. எல்லாரும் போனார்கள். நந்தினி போகவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். செய்வியா?"

"கேளு."

"ஆஸ்பத்திரிக்கு எங்கூட நீ வா. அத்த சேனை வெக்காம பாத்துக்கோ. எனக்கு அப்ப நெனப்பு இருக்குமோ என்னமோ. நான் சொன்னா அவங்க கேக்க மாட்டாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

"உங்க அத்த யாரு சொன்னாலும் கேக்காது."

"நீ பக்கத்துல நின்னா போதுங்க்கா. எங்கம்மா இருந்தா அவங்களக் கேட்டிருப்பேன். எனக்கு வேற யாரு இருக்காங்க?"

"வரேன்," என்றேன்.

"வந்து பாத்துப்பன்னு சொல்லு."

"பாத்துக்கறேன்."

சங்கு பிடித்த கை

இது ரொம்பப் பழைய கதை. எனக்குப் பத்து வயசு இருக்கலாம். என் கூடப் பிறந்த அக்காவுக்கு முதல் பிள்ளை. வீட்டில்தான் பிறந்தது.

மூன்று நாள் பிள்ளையை அவளிடம் விடவில்லை. கெட்ட பால் போகட்டும் என்றார்கள். பிள்ளைக்குச் சேனைத் தண்ணி கொடுத்தார்கள். கழுதைக்காரன் தெருவோடு வருவான். அவனிடம் பால் வாங்கிச் சங்கில் ஊற்றினார்கள். சங்கைப் பிடிக்கிற வேலை எனக்கு.

அக்காவுக்கு மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டது. குளிர்ஜுரம். துணி பட்டாலே கத்தினாள். நாலாம் நாள் பிள்ளையைக் கொண்டு போய்ப் போட்டார்கள். அதற்குச் சப்பத் தெரியவில்லை. காம்பை மட்டும் பிடித்து இழுத்தது, விட்டது, அலறியது. பிள்ளை பிழைத்துவிட்டது. அக்காவுக்கு ஒரு பக்கம் சீழ் வைத்து அறுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த அறை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. வேப்பிலையும் புளித்த பாலும் சீழும் கலந்த வாசனை. நர்சம்மா சொல்கிற எதற்கும் எனக்குப் படம் வேண்டியதில்லை. நேரில் பார்த்தவள்.

அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

அன்று பௌர்ணமி

நந்தினிக்கு வலி எடுத்தது ஒரு பௌர்ணமி அன்று காலையில். கடை முன்னால் அப்போதே கூட்டம். கன்னியம்மாவாலும் ஏழுமலையாலும் அடுப்பை விட்டு நகர முடியவில்லை. "நீ கூடப் போடி, நான் பின்னாலயே வரேன்," என்றாள் கன்னியம்மா. நூத்தியெட்டு வண்டியில் நான் ஏறினேன்.

பாதை முழுக்க ஜனம். வண்டி ஊர்ந்து போனது. சைரன் கேட்டு, "அண்ணாமலைக்கு அரோகரா" என்று சொல்லிக்கொண்டே வழி விட்டார்கள். நந்தினி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து ரத்தம் கட்டியது. நான் இன்னொரு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் பிறந்தது. பெண். துணைக்கு ஒரு ஆள் உள்ளே இருக்கலாம் என்றார்கள். நான் இருந்தேன். பிரசவம் பார்த்த நர்ஸ் குழந்தையைத் துடைத்து நந்தினி மேல் போட்டார்.

நந்தினிக்குக் கண் சொருகியது. ஆனாலும் மறக்கவில்லை. குழந்தை வாயை அகலத் திறக்கிறவரை பொறுத்திருந்தாள். திறந்ததும் அணைத்தாள். பிடித்துக்கொண்டது. கருவட்டம் உள்ளே போனது. தாடை பட்டது. கன்னம் உப்பி உப்பி அடங்கியது.

"சரியா இருக்குதாக்கா?"

"சரியா இருக்குது."

காலுறையை வைத்து எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். நிஜமாக அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான்.

வார்டுக்கு மாற்றினார்கள். நந்தினி தூங்கினாள். அவள் துணிகளை அலசிக் காயப் போட்டுவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கன்னியம்மா வந்தாள். புடவையெல்லாம் டீத்தூள் வாசனை, இஞ்சி வாசனை. "வந்துட்டியா எங்கம்மா," என்று குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் பையிலிருந்து மூடி போட்ட சின்ன டம்ளரை எடுத்தாள்.

"அக்கா, வேணாம்," என்றேன். "அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிகினே இருக்குது."

"தெரியும்டி. எங்கிட்டயும்தான் சொல்லுச்சு. நான் வெக்கல."

"அப்புறம் எதுக்கு டம்ளரு?"

"நீ வை."

டம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

"எங்க வூட்டுக்காரங்க எல்லாருக்கும் வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. ஏழுமலைக்கு எங்க நாத்தனா வெச்சா. பாரு, எப்பவும் மூக்கு மேல கோவம். ஒரு மாசமா யோசிக்கறேன், யாரைக் கூப்பிடறதுன்னு. உன்ன விட்டா ஆளு இல்ல. எவ்ளோ அடி பட்ட? ஒரு நாள் ஒருத்தர ஒரு வார்த்த சொல்லியிருப்பியா? அந்தக் கொணம் வரட்டும் எம் பேத்திக்கு."

"என்னையாக்கா சொல்ற?"

"உன்னத்தான்."

மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் கேள்வி கேட்டேன். பதில் வந்ததும் என்னமோ ஆகிவிட்டது. அதுவரை எந்தப் பிள்ளைக்கும் எதற்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. என் குணம் ஒரு பிள்ளைக்கு வரட்டும் என்று யாரும் நினைத்ததில்லை.

"கிளாஸ்ல நான்தானே கூடாதுன்னு..." என்று இழுத்தேன்.

"கிளாஸ் ஊருக்கு. இது நம்ம வூட்டுக்கு. ஒரு சொட்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

நம்ம வூட்டுக்கு என்றாள்.

விரலை நனைத்தேன். கை கழுவவில்லை. வண்டிக் கம்பியைப் பிடித்த கை. அழுக்குத் துணி அலசிய கை. மாதா மாதம் சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டுகிற கை.

மூன்று தடவை வைத்தேன். குழந்தை நாக்கைச் சுழற்றிச் சப்புக்கொட்டியது. இம்மாத்தூண்டு நாக்கு. சூடாக இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நிமிர்ந்தேன். நந்தினி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். நான் பார்க்கப் போனேன். வழக்கம்போல வாசலில் நின்றேன்.

"சேனை வெச்சவளே வெளிய நின்னா எப்பிடி? உள்ள வாடி," என்றாள் கன்னியம்மா.

உள்ளே போனேன். பாய் போட்டாள். டீ கொடுத்தாள். குழந்தை அழுதது. நந்தினி எடுக்கப் போனாள். அதற்குள் கன்னியம்மா டம்ளரும் ஸ்பூனுமாக வந்துவிட்டாள்.

"அத்த, வேணாம். நான் பால் குடுக்கறேன்."

"உனக்கு இன்னும் பாலே ஊறல. கொழந்த பசியில கத்துது. ஒரு ஸ்பூனுல இன்னா ஆயிடும்? ஆயாவே வெச்சுதே. அதுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

நந்தினி என் பக்கம் பார்த்தாள். மாமியாருக்குச் சொல்ல அவளிடம் ஆறு மாதப் பாடம் இருந்தது. ஒரு நோட்டு நிறைய இருந்தது. அதையெல்லாம் நான் ஒரு விரலால் அழித்துவிட்டேன்.

அப்போதாவது பேசியிருக்கலாம். டீயைக் குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் குழந்தைக்கு வயிற்றோட்டம். ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி. அங்கேதான் அந்த நர்ஸ் கேட்டதும், நந்தினி தன்மேல் போட்டுக்கொண்டதும், நான் டைல்ஸைப் பார்த்ததும்.

வார்டு வாசலில் நந்தினி ஐந்து நாள் இருந்தாள். குழந்தையை மார்பில் வைக்க விடவில்லை. பால் பீய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை பீய்ச்சினாள். விரலை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்று வகுப்பில் காட்டியது நான்தான். சொன்னபடி செய்தாள். முதல் நாள் கிண்ணத்தின் அடி நனைந்தது. மூன்றாம் நாள் பாதிக் கிண்ணம் வந்தது.

ஒரு தடவை கிண்ணத்தை உள்ளே கொண்டு போய்க் கொடுக்கலாம் என்று கை நீட்டினேன். "வேணாம்," என்றாள். அவளே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கொடுத்தாள். தையல் போட்ட உடம்பு.

குழந்தை தேறியது. வெளியே கொடுத்ததும் மார்பில் வைத்தாளாம். முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். அரை நாள் விடாமல் போராடினாளாம். அப்புறம் பிடித்துக்கொண்டதாம். கன்னியம்மா சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு கன்னியம்மா ஸ்பூனைத் தொடவில்லை. பயந்துவிட்டாள்.

குழாயடியில் வைத்த பேர்

அடுத்த மாத வகுப்பில் நர்சம்மா சொன்னார். "போன மாசம் இங்க உக்காந்து எல்லாத்தையும் எழுதிகினு போன பொண்ணுதான். போயி சர்க்கரைத் தண்ணி குடுத்திருக்குது. கொழந்த பொழச்சது பெரிய விஷயம். நீங்க அந்த மாதிரி இருக்காதீங்க."

பேர் சொல்லவில்லை. ஊருக்குத் தெரியாதா?

நான் பொம்மையோடு நின்றேன். "மாட்டுக் கேள்வியக் கேளு," என்றார். கேட்டேன். குரல் சரியாகத்தான் வந்தது.

இரண்டாம் மாதமும் நர்சம்மா அதையே சொன்னார். பேசவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு பெண் குறுக்கே கேட்டாள். "யாரு மேடம், நம்ம சர்க்கரைத்தண்ணியா?"

"அது யாரு?"

"டீக்கடை மருமவ. கொழாயடில அப்பிடித்தான் கூப்பிடறாங்க. தோ பாரு, சர்க்கரைத்தண்ணி கொடம் தூக்கிகினு போவுதுன்னு."

சிரித்தார்கள். எனக்கு அந்தப் பேர் அதுவரை தெரியாது.

"அந்தப் பொண்ணு குடுக்கல," என்றேன்.

நர்சம்மா திரும்பினார். "இன்னா ஆயாம்மா?"

"நந்தினி குடுக்கல. நான்தான் குடுத்தேன். சேனை நான் வெச்சேன். அது வேணாம்னுதான் என்னத் துணைக்குக் கூப்பிட்டுகினு போச்சு. தூங்கும்போது நான் வெச்சேன். ஆஸ்பத்திரில கேட்டப்ப, எனக்காக அது மேல போட்டுகிச்சு."

நர்சம்மா என் பக்கம் வந்தார்.

"ஏன் வெச்ச?"

"கேட்டாங்க. வெச்சேன்."

மேலே எழுதியிருப்பதுதான் பதில். அன்று அத்தனை பேர் முன்னால் சொல்லத் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து வண்டியை எடுக்கும்போது நர்சம்மா கேட்டார். "ரெண்டு மாசம் அந்தப் பொண்ணப் பத்தி நான் பேசினேனே. பக்கத்துலயே நின்னு கேட்டுகினுதானே இருந்த?"

"ஆமாங்க."

"இன்னா மனுஷி நீ?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வேலை போகவில்லை. ரொம்ப நாள் பொம்மையை என் கையில் தரவில்லை. டீச்சரே காட்டினார்.

அன்று சாயங்காலம் நந்தினி வீட்டுக்குப் போனேன். கன்னியம்மா கடையில் இருந்தாள். நந்தினி சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"கிளாஸ்ல சொன்னியாம்."

"சொன்னேன்."

"நர்சம்மாகிட்ட சொன்ன. அவ்ளோ பேருகிட்ட சொன்ன. எங்கிட்ட?"

நின்றேன்.

"அன்னிக்கு வார்டு வாசல்ல உன்னயே பாத்தேன். சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். நீ தரையப் பாத்துகினு இருந்த. சொன்னா உனக்கு வேல போயிடுமேன்னுதான் நான் வாயத் தெறந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா மூணு மாசம்?"

"தப்புப் பண்ணிட்டேம்மா," என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "சரி, போ," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து போகிற யாரிடமும் சொல்கிற மாதிரி சொன்னாள்.

இப்போது

அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறது. மூன்று வயசானதும் நந்தினி எங்கள் மையத்தில் சேர்க்கவில்லை. அடுத்த தெரு மையத்தில் சேர்த்தாள். அதற்கு எங்கள் மையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் காலையில் தாண்டிப் போவார்கள். நான் வாசல் பெருக்கிக்கொண்டிருப்பேன். துடைப்பத்தை நிறுத்தி வழி விடுவேன்.

நந்தினி இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். போன மாத வகுப்புக்கு வந்தாள். நர்சம்மா வரச் சொல்லியிருந்தார். தலைச்சன் பிள்ளைக்காரிகளுக்கு அவளே சொல்லட்டும் என்று.

நான் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றாள்.

"அக்கா."

"வாம்மா."

"ஆஸ்பத்திரிக்கு நீ வராத."

இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"வரலம்மா," என்றேன்.

தலையை ஆட்டினாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி நகர்ந்து இடம் விட்டார்கள்.

நன்றாகத்தான் பேசினாள். முதல் நாள் எப்படி வைப்பது, பால் வராத மாதிரி இருந்தால் என்ன செய்வது, பீய்ச்சுவது எப்படி. எல்லாம் தன் உடம்பில் நடந்ததை வைத்தே சொன்னாள். கடைசியில் சொன்னாள். "யாரு இன்னா குடுக்க வந்தாலும் வேணாம்னு சொல்லுங்க. யாரா இருந்தாலும்."

ஒரு சின்னப் பெண் கேட்டாள். "வேண்டப்பட்டவங்களா இருந்தா எப்பிடிக்கா சொல்றது?"

"வேண்டப்பட்டவங்கதான் குடுப்பாங்க. வேத்தாளா வந்து குடுக்கப் போறான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நந்தினியும் சிரித்தாள்.

நான் கதவோரம் நின்று கேட்டேன். சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகக் கால் வரவில்லை. டீச்சரைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பினேன்.